பொம்மையார்பாளையத்துக்கு வரவேண்டிய மணல்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சில நிமிடங்களில் தமிழ்நாடு வந்துவிடும். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அதற்கு அப்புறம் மறுபடியும் புதுச்சேரி: பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம். அதையும் தாண்டினால் திரும்பத் தமிழ்நாடு. பஸ்ஸில் போகிறவருக்கு இது பெட்ரோல் விலையும் கடைப் பலகையும் மாறுவதோடு முடிந்துவிடும். சாலைக்குக் கிழக்கே, கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அப்படி முடிவதில்லை. வீட்டுக்கு முன்னால் கரை இடிந்தால் எந்த அரசிடம் மனு கொடுப்பது என்பதே அங்கே பெரிய கேள்வி.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பொம்மையார்பாளையத்தையும், அதை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைச்சாவடியையும். இரண்டுமே மீனவ ஊர்கள். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே தொழில். ஆனால் ஆட்சியர் வேறு, பொறியாளர் வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கருங்கல் கொட்டச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் "எப்போது பார்த்தாலும் கல் போடு, கல் போடு என்றுதான் கேட்கிறார்கள், கல்தான் கரையைக் கெடுக்கிறது என்று புரியவில்லை" என்று படித்தவர்கள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு தவறு என்பது என் எண்ணம். ஏன் தவறு என்று சொல்ல மணலிலிருந்து தொடங்க வேண்டும்.

மணல் நடக்கும் வழி

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையை நேராக அடிக்காமல் சற்றுச் சாய்வாக அடிக்கிறது. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை அள்ளி, கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து காற்றும் அலையும் வருவதால் மணல் வடக்கே நகரும். வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். ஒரு லட்சம் கன மீட்டர் என்பது மணல் லாரிக்காரர் கணக்கில் சுமார் 35,000 யூனிட். அவ்வளவு மணல், யாரும் கூலி வாங்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒவ்வொரு ஆண்டும் ஊர் ஊராகக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

இதைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை காட்டிவிட்டது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தேங்கித் தேங்கி மெரினாவின் அகலமான மணற்பரப்பு உருவானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் ஊருக்குள் ஏறியது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது நம் காலடியில் இருப்பதில் ஒரு பங்கு ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல். அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இது தெரிந்திருந்தும் புதுச்சேரியில் அதேதான் நடந்தது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், தேங்காய்த்திட்டு அருகே, 1986 முதல் 1989 வரை துறைமுகம் கட்டப்பட்டது. முகத்துவாரத்தின் இருபக்கமும் கடலுக்குள் நீளும் இரண்டு கற்சுவர்கள். மணல் தேங்கும் என்பது அப்போதே பொறியாளர்களுக்குத் தெரியும். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சுவர் எழுந்தது. மணலைக் கடத்திவிடும் வேலை ஒழுங்காக, ஆண்டு தவறாமல் நடக்கவில்லை. இந்தக் கரையின் முப்பது ஆண்டுத் துயரத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

விளைவு இரண்டு பக்கமும் தெரிந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் கரை அகன்றது. வடக்கே நகரக் கடற்கரையில் மணல் போய், கருங்கல் அடுக்கிய கரைதான் மிஞ்சியது. புதுச்சேரியில் ஒரு தலைமுறை கடற்கரை என்றால் கல்மேல் உட்கார்ந்து அலையைப் பார்க்கும் இடம் என்றே நினைத்து வளர்ந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடக்கே இல்லாமல் போன அதே மணல்தான் துறைமுக முகத்துவாரத்தை அடைக்கிறது. தூர்வாரச் சொல்லி அங்கே தொழில் செய்யும் படகுக்காரர்கள் ஓயாமல் போராடி வருகிறார்கள். ஒரு பக்கம் மணல் அதிகம் என்று புகார், பத்து கிலோமீட்டர் தள்ளி மணல் இல்லை என்று புகார். இரண்டும் ஒரே மணல்.

கல் வடக்கே நகர்ந்த கதை

நகரத்தைக் காக்கக் கல் அடுக்கியதும் அரிப்பு நின்றுவிடவில்லை, இடம் மாறியது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே போனது. அங்கேயும் கல் கொட்டினார்கள். அடுத்தது மாநில எல்லை. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் கடல் ஏறியபோது, புதுச்சேரி கட்டிய துறைமுகத்தின் பாதிப்பைத் தமிழ்நாட்டு ஊர்கள் சுமந்தன. தமிழ்நாடும் தன் பங்குக்குக் கல் போட்டது, தூண்டில் வளைவுகள் எனப்படும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்களும் அமைத்தது. தந்திராயன்குப்பத்தில் அந்தக் கற்களுக்கு அருகே இன்று அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது செரினிட்டி பீச்.

தூண்டில் வளைவு வேலை செய்யும் விதம் எளிமையானது. தெற்கிலிருந்து வரும் மணலைப் பிடித்துத் தன் தென்பக்கம் சேர்க்கும். அந்தப் பை நிரம்பும்வரை வடக்கே எதுவும் போகாது. வரும் மணல் போதுமானதாக இருந்தால் நிரம்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழியும். இங்கே வரத்தே துறைமுகத்தில் அறுந்துவிட்டது. இருக்கிற கொஞ்சத்தையும் முதல் வளைவு பிடித்துக்கொண்டால் அடுத்த ஊருக்கு மிச்சம் இருக்காது. கரையோடு சேர்த்துக் கொட்டும் கற்சுவர் வேறு வகை. அலை அதில் மோதித் திரும்பும்போது சுவரின் அடியில் உள்ள மணலைச் சுரண்டிக்கொண்டு போகும். அடி பள்ளமாகும், கல் சரியும், சில ஆண்டுகளில் மறுபடியும் லாரியில் கல் வரும். ஊர்க்காரர்கள் இதை எந்த அறிக்கையும் படிக்காமலே சொல்வார்கள்: போட்ட கல்லைக் கடல் தின்கிறது என்று.

இப்படித்தான் அரிப்பு பொம்மையார்பாளையத்தையும் பிள்ளைச்சாவடியையும் எட்டியது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் என்று ஏற்கெனவே அடிபட்ட ஊர்கள் இவை. அகலமான மணற்கரை இருந்தால் புயலில் கொஞ்சம் போகும், அடுத்த சில மாதங்களில் திரும்ப வரும். கரை இல்லாத ஊரில் புயல் நேராக வீட்டுச் சுவரைத் தொடுகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் பிள்ளைச்சாவடியில் கரையோர வீடுகள் இடிந்து விழுந்தன. எல்லைக்குத் தெற்கே தமிழ்நாடு போட்ட கல்லால்தான் தங்கள் கரை போனது என்பது அந்த ஊரின் குற்றச்சாட்டு. பொம்மையார்பாளையத்தைக் கேட்டால் தெற்கே இருக்கும் ஊர்களைக் கைகாட்டும். அவர்கள் புதுச்சேரித் துறைமுகத்தைக் காட்டுவார்கள். எல்லோர் சொல்வதும் உண்மை. கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள், ஒருவர் வலை அறுந்தால் மற்றவர் உதவிக்குப் போகும் ஊர்கள், கல்லின் பேரில் ஒன்றை ஒன்று சந்தேகமாகப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கரை போனால் என்ன போகிறது

வீடு இடிந்தால் அது செய்தியாகும். கரை போவது செய்தியாவதில்லை. மீனவ ஊருக்குக் கரை என்பது பட்டறை, சந்தை, களம், கோயில் திடல் எல்லாம் சேர்ந்த இடம். ஃபைபர் போட்டைத் தள்ளி இறக்கவும் ஏற்றி நிறுத்தவும் சரிவான மணல் வேண்டும். கற்களுக்கு நடுவே படகை இறக்குவது, அதுவும் அலை ஏறியிருக்கும் விடியற்காலையில், உயிரோடு விளையாடுவது. கரைவலைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று வடம் இழுக்க நீண்ட மணல் வேண்டும். இடையில் ஒரு தூண்டில் வளைவு வந்தாலும் வலை கிழியும். அந்தத் தொழில் அங்கே அதோடு நின்றுபோகும்.

படகு சொந்தக் கரையில் ஏற முடியாமல் வேறு ஊரிலோ துறைமுகத்திலோ ஏறினால் மீன் அங்கேயே ஏலம் போகும். அதுவரை வீட்டு வாசலில் கூடை எடுத்துக்கொண்டு போன பெண்கள் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வர வேண்டும். முன்பணம் கூடும், லாபம் குறையும். கருவாடு காய வைக்க மணல் இல்லாமல் சாலையோரத்தில் கொட்டினால் அதற்கும் சச்சரவு. ஆண்கள் கடலில் இழப்பதைக் கணக்கிட மீன்வளத்துறையிடம் ஏதோ ஒரு படிவம் இருக்கிறது. பெண்கள் கரையில் இழப்பதை எழுத எனக்குத் தெரிந்து ஒரு கட்டம்கூட இல்லை.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் உட்பட சுற்றுவட்டாரச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். வெள்ளம்போல் கூட்டம் வரும். அந்த ஒரு நாள் மட்டும் நகரம் முழுக்கக் கரையைப் பார்க்கிறது. மற்ற 364 நாளும் அது அங்கே இருக்க வேண்டும் என்ற நினைவு யாருக்கும் வருவதில்லை.

பின்னால் நகர்ந்து போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எங்கே நகர்வது? முன்னால் கடல், பின்னால் கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையோர நிலத்தின் விலை மீன் விற்ற காசில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சுனாமிக்குப் பின் 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு போட்ட 172ஆம் எண் அரசாணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் நகர்ந்தால் புது வீடு. நகர மறுத்தால் இருக்கும் வீட்டைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. கரையை விட்டுவிட்டால் நாளை அந்த இடத்தில் விடுதி வரும் என்ற பயத்தில் பலர் நகரவில்லை. அந்தப் பயம் வீண் என்று சொல்ல என்னால் முடியாது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும், வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் அவர்கள் பயன்படுத்தும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. ஆனால் குறிக்க வேண்டிய இடமே தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது?

யாரிடம் கேட்பது

இந்த ஊர்களில் இரண்டு பஞ்சாயத்துகள் உண்டு. ஒன்று ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கும், கோயில் திருவிழா நடத்தும், எந்த வலை போடலாம் எது கூடாது என்று தீர்மானிக்கும், சண்டையைத் தீர்க்கும். சுனாமி நேரத்தில் வந்த நிவாரணத்தைக் கிழக்குக் கரை நெடுகப் பல ஊர்களில் தலைக்கட்டு வாரியாகப் பிரித்துக் கொடுத்தது இந்த அமைப்புதான். பெண்களுக்கு அதில் இடமில்லை என்பது பெரிய குறை. ஆனாலும் ஒரே இரவில் ஊரைக் கூட்டி முடிவெடுக்கும் பலம் அதற்கு இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் மட்டும் அது இல்லை.

இன்னொன்று சட்டப்படியான பஞ்சாயத்து. தமிழ்நாட்டுப் பக்கம் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராம ஊராட்சி, ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம். விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை ஆகியவற்றுக்கு ஊராட்சி பதில் சொல்ல வேண்டும். கடலில் கல் போடுவதா வேண்டாமா என்பதில் அதற்கு அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. புதுச்சேரிப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். அங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்ததிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. பிள்ளைச்சாவடிக்காரர் குறை சொல்ல வேண்டுமென்றால் நேராக எம்.எல்.ஏ., இல்லாவிட்டால் அதிகாரி.

துறைமுகமும் முகத்துவாரமும் புதுச்சேரியின் கையில். தூண்டில் வளைவு தமிழ்நாட்டுத் துறைகளின் கையில். கடற்கரை மண்டல அனுமதிக்கு இரு பக்கமும் தனித்தனி ஆணையம். ஆய்வு நிறுவனங்கள் மத்திய அரசிடம். மணல் இவை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஆனால் மணலுக்குப் பொறுப்பு என்று ஒரு மேசைகூட இல்லை. கல்லுக்கு இருக்கிறது. மதிப்பீடு போடலாம், டெண்டர் விடலாம், லாரி வரும், கல் கண்ணுக்குத் தெரியும். சாலை மறியல் செய்தால் தாசில்தார் வந்து பேசிக் கொடுக்கக்கூடிய வாக்குறுதியும் கல் ஒன்றுதான். அப்படியிருக்க, அலை அடுப்படிக்கு வந்த பிறகு ஒரு தாய் கல் கேட்காமல் வேறு என்ன கேட்பார்? கொடுக்கிற இடத்தில் இருப்பதைத்தான் மக்கள் கேட்கிறார்கள்.

தீர்ப்பாயத்தின் பக்கமும் இந்தக் கேள்வி போனது. முறையான கரையோர மேலாண்மைத் திட்டம் இல்லாமல் துண்டு துண்டாகத் தூண்டில் வளைவு போடுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் கேள்விக்குள்ளாக்கியது. அது சரியான கேள்வி. ஆனால் கல்லை நிறுத்தச் சொல்லும்போது மணலைக் கொண்டுவரச் சொல்லும் கட்டளையும் காலக்கெடுவும் சேர்ந்து வராவிட்டால், நடுவில் நிற்கும் ஊர் இரண்டும் இல்லாமல் தவிக்கும்.

மணல் திரும்பிய இடங்கள்

நகரக் கடற்கரையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள், ஆப்பு வடிவத்தில் ஒரு இரும்புத் திட்டைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் இறக்கியது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் சேர, காணாமல் போன கடற்கரையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. குழந்தைகள் மறுபடி மணலில் விளையாடினார்கள். அதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அதேநேரம் நகரத்தில் நிற்கும் மணல் போக, வடக்கே எவ்வளவு மணல் போகிறது என்ற கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கு பொம்மையார்பாளையத்துக்குச் சொல்லப்பட வேண்டும்.

விசாகப்பட்டினத்தில் வெளித் துறைமுகம் வந்தபோதும் இதே சிக்கல். அங்கே தெற்குச் சுவரை ஒட்டி மணல் தேங்கப் பள்ளம் தோண்டி வைத்து, கப்பல் மூலம் தூர்வாரி, அந்த மணலை நகரின் ஆர்.கே. கடற்கரைக்குத் தருகிறார்கள். குறை உண்டு, ஆனால் வழக்கம் உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆறு. அந்த முகத்துவாரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், குயின்ஸ்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது. 1960களில் முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். வடக்கே எல்லை தாண்டியிருந்த கூலங்கட்டா, கிர்ரா கடற்கரைகள் அரித்துப் போயின. இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டு, 1995இலும் 1998இலுமாகச் சட்டமே இயற்றின. 2001 முதல் ஆற்றுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் பாலத்தில் பொருத்திய பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியே வடக்கே அனுப்புகின்றன. செலவை இரு மாநிலங்களும் பகிர்கின்றன. ஆரம்பத்தில் மணலை அதிகமாக அனுப்பிவிட்டதால் கிர்ராவில் கடலடிப் பாறை மூடிப்போய் அதற்கும் சண்டை வந்தது. அளவைத் திருத்தினார்கள். கேட்பதற்கு இடமும், திருத்துவதற்கு ஆளும் இருந்ததால் அது முடிந்தது.

தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரை மாற்றத்தை அளந்தபோது, நாட்டின் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருந்தது. தமிழ்நாட்டில் 42.7, புதுச்சேரியில் 56.2. இவ்வளவு தெரிந்த பிறகும் கரையை ஊர் ஊராகக் கல்லால் தைத்துக்கொண்டிருப்பதை ஏற்க முடியவில்லை.

அடுத்த கிராம சபைக்குப் பொம்மையார்பாளையத்தார் கல் கேட்டு ஒரு தீர்மானம் எழுதுவதாக இருந்தால், நான் அதைத் தடுக்க மாட்டேன். வாசலில் கடல் நிற்கிறவருக்கு அந்தக் கல் இந்த மழைக்காலத்துக்கு வேண்டும். அதே தாளில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கச் சொல்வேன். துறைமுக முகத்துவாரத்தில் ஆண்டுதோறும் எவ்வளவு மணல் தூர்வாரப்படுகிறது, அது எங்கே கொட்டப்படுகிறது என்ற கணக்கை இரு அரசுகளும் ஊர் அறியச் சொல்ல வேண்டும். அந்த மணல் விற்பனைக்கோ மனை நிரப்பவோ போகாமல் வடக்குக் கரைக்கே வர வேண்டும். விழுப்புரம், புதுச்சேரி ஆட்சியர்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில், இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளைச்சாவடியில் கிராம சபை கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்து அதே வாசகத்தை எழுதி, தலைக்கட்டு தோறும் கையெழுத்து வாங்கிப் புதுச்சேரி ஆட்சியரிடம் கொடுக்கலாம். மணல் கணக்கை மட்டும் கேட்க இவ்வளவுகூட வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போதும். பதில் தர அதிகாரிக்கு 30 நாள்.